கத்தியை எடுக்குமுன் சொல்ல வேண்டிய வாக்கியம்

வேலூரைச் சுற்றி எந்த கேஷுவாலிட்டியில் நின்றாலும் நாள் முழுக்க வருவது ஏறக்குறைய ஒரே வரிசைதான். நெடுஞ்சாலையில் டூவீலரோடு விழுந்தவர்கள், நெஞ்சுவலி, சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள், ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கத்திலிருந்து பாம்புக்கடி, பூச்சிமருந்து, வலிப்பு, மூச்சிரைப்பு. இதற்கெல்லாம் தனியாகப் பயிற்சி தேவைப்படுவதில்லை. செய்கிற வேலையே பயிற்சி. சில மாதம் ஒழுங்காக டியூட்டி பார்த்த இளம் டாக்டருக்குக் கண்ணாடி விரியன் கடியும் மாரடைப்பும் கைக்குப் பழகிவிடும்.

இன்னொரு வகை இருக்கிறது. பத்து வருடம் கேஷுவாலிட்டியில் இருந்தும் ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போகலாம். வந்தால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் டியூப் போட முடியாதவருக்குக் கழுத்தில் வெட்டி மூச்சு கொடுப்பது, இதயம் நின்றுபோன கர்ப்பிணிக்கு அதே கட்டிலில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பது, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிக் கண் பிதுங்கும்போது வெளி இமையோரத்தை வெட்டி அழுத்தத்தைக் குறைப்பது. இவற்றை நோயாளி மேல் செய்து செய்து கற்றுக்கொள்ள வழியே இல்லை. நம்முடைய முதல் தடவையே அந்த நோயாளிக்குக் கடைசி வாய்ப்பாக இருக்கும்.

சென்னை–பெங்களூரு சாலையை ஒட்டிய ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை டாக்டராக இருக்கிறேன். இந்த அரிய வகைக்குக் குழுவைத் தயார்ப்படுத்துகிற பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. இந்தியாவில் அவசர மருத்துவத்தை மருத்துவக் கவுன்சில் தனித் துறையாக ஏற்றதே 2009இல்தான். அதற்கு முன் கேஷுவாலிட்டி என்பது யாராவது ஒருவர் முறை வைத்து உட்காரும் இடம். அதனால் இந்தப் பயிற்சியை எப்படி நடத்துவது என்று நமக்குக் காட்டித்தந்த முன்னோர்கள் குறைவு. நாங்கள் செய்து பார்த்ததில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதி வைத்தால் குடியாத்தத்திலோ வாணியம்பாடியிலோ சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் வெட்டுவது கடினமான ஆபரேஷன் அல்ல. குரல்வளைக் குருத்தெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள வளையத்துக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் பொதுவாக அங்கே இல்லை. வேண்டியது மூன்றே பொருள்: 10ஆம் நம்பர் பிளேடு வைத்த கத்தி, பூஜி என்று நாங்கள் சொல்லும் நீளமான வளையும் குச்சி, 6ஆம் நம்பர் டியூப். பிரிட்டனின் கடின சுவாசப்பாதைச் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த மூன்றுதான். கடினம் எங்கே என்றால், 'இனி வாய் வழியாக ஆகாது, வெட்டப்போகிறேன்' என்று தீர்மானித்து அதை வாய்விட்டுச் சொல்வதில். அந்த இடத்தில்தான் நேரம் போகிறது, உயிரும் போகிறது.

பிரிட்டனில் நாடு முழுக்க நடந்த தணிக்கை ஒன்றின் அறிக்கை 2011இல் வந்தது. சுவாசப்பாதைச் சிக்கலால் பெரிய பாதிப்புக்கு உள்ளானவர்களைப் பற்றியது. மயக்க மருந்து நிபுணர்கள் ஊசி வழியாகக் கழுத்தில் பாதை போட முயன்றதில் ஏறக்குறைய 60 சதவீதம் தோற்றிருந்தது. கத்தியால் செய்தவை பெரும்பாலும் பலித்திருந்தன. அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது இந்தக் கணக்கு அல்ல. தீர்மானம் தாமதமாகிறது என்பதுதான். கைதேர்ந்தவர்களே இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று, தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பை வாய்க்குள் விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த அறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனவே எங்கள் பயிற்சியில் முதல் பாடம் கத்தி அல்ல, வாக்கியம். "டியூப் போகவில்லை. ஆக்ஸிஜனும் ஏறவில்லை. கழுத்தில் போகிறோம்." இதை அறையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்ல வேண்டும். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. சிஸ்டர் சொல்லலாம், டெக்னீஷியன் தம்பி சொல்லலாம். சொன்னவுடன், கழுத்தில் வெட்டுவதற்கான சாமான்கள் உள்ள பையைப் பிரிக்க வேண்டும். பையைப் பிரித்தால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் பை கையருகே திறந்திருந்தால் வெட்டத் துணிவு வரும். மூடிய அலமாரியில் இருந்தால் வராது.

இதைப் பழக்க நிறைய நாள் பிடித்தது. நம் ஊரில் டாக்டருக்கு முன்னால் சிஸ்டர் குரல் உயர்த்துவது வழக்கமில்லை. ஒத்திகையில்கூட முதலில் "டாக்டர்... சாச்சுரேஷன் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று இழுப்பார்கள் (சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் சதவீதம்). கொஞ்சம் கம்மி என்றால் என்ன? எண்ணைச் சொல்லுங்கள் என்று நிறுத்துவேன். "எண்பத்தி நாலு. எழுபத்தி ஒன்பது." அப்படிச் சத்தமாக எண் சொல்லிக்கொண்டே போவது ஒருவருடைய வேலை. மூன்று முயற்சிக்கு மேல் வாய் வழியாகப் போகக்கூடாது என்பது விதி. எண்ணுவதும் அவர்தான். டாக்டர் எண்ணமாட்டார், எண்ணவும் முடியாது. வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு நேரம் போவது தெரியாது.

அடுத்தது பொருட்கள். யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஒரு நாள் இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில், "இப்போது கழுத்தில் வெட்ட வேண்டும், எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு வந்தது இது: பிளேடு தனி டப்பாவில் இருந்தது, அதை மாட்டும் கைப்பிடி ஸ்டெரிலைசேஷனுக்குப் போயிருந்தது. பூஜி இருந்தது, ஆனால் டிராயருக்குள் மடித்துத் திணித்ததால் நடுவில் முறிந்து வளைந்திருந்தது. 6ஆம் நம்பர் டியூப் தீர்ந்திருந்தது, 7உம் 8உம் குவிந்து கிடந்தன. டியூபின் பலூனை ஊதுவதற்கான சிரிஞ்சைத் தேடி இரண்டு பேர் இரண்டு பக்கம் ஓடினார்கள். எந்தப் பயிற்சி முகாமிலும் இது தெரியவராது. அங்கே எல்லாம் தட்டில் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். இது நம் அறையில் நம் சாமான்களோடு செய்தால்தான் வெளியே வரும்.

இப்போது எங்களிடம் ஒளி ஊடுருவும் பை ஒன்று, சுவாசப்பாதைச் சாமான்கள் வைக்கும் ஏர்வே வண்டியின் பக்கவாட்டில் தொங்குகிறது. உள்ளே கைப்பிடியோடு சேர்ந்தே வரும் ஒருமுறை உபயோகக் கத்தி, 6ஆம் நம்பர் டியூப், 10 மி.லி. சிரிஞ்ச், ஜெல்லி, கட்டும் நாடா, ஒரு மார்க்கர் பேனா. பூஜி மட்டும் மடிக்கக்கூடாது என்பதால் வெளியே நீளவாக்கில் ஒரு பிவிசி குழாய்க்குள். வேறு எதையும் பைக்குள் போட விடுவதில்லை. நல்லெண்ணத்தில் ஒருவர் ரிட்ராக்டர் வைப்பார், ஒருவர் ஊசி செட் வைப்பார். பை தடிக்கும். பிறகு அவசரத்தில் எதை எடுப்பது என்று கை தயங்கும்.

கைப்பழக்கத்துக்கு ஆட்டுத் தலையைப் போல ஒன்று கிடையாது. லட்சக்கணக்கில் விலை போகும் பொம்மைகள் உண்டு. பல இடங்களில் அவை கண்ணாடி அறைக்குள் பூட்டுப் போட்டு வைக்கப்பட்டிருக்கும். ஆட்டுக் குரல்வளைக்கு உண்மையான குருத்தெலும்பு, உண்மையான சவ்வு, கத்தி நுழையும்போது உண்மையான ஒரு 'டப்'. முதலில் நாங்கள் மூச்சுக்குழலை மட்டும் கேட்டு வாங்கினோம். வந்ததில் குரல்வளையே இல்லை. கறிக்கடை பாய்தான் விளக்கினார். "நம்ம கத்தி இந்த முடிச்சுக்குக் கீழதான் போவும் டாக்டரம்மா. முடிச்சு தலையோட போயிடும். உங்களுக்கு இன்னா வோணும், அதைச் சொல்லுங்க." கையால் தொட்டே காட்டினார். அதிலிருந்து தலையோடு வாங்குகிறோம், மூச்சுக்குழல் ஒரு துண்டு தனியாக. இளம் ஆடாக இருந்தால் அந்தச் சவ்வு இருக்கும் பள்ளம் மிகச் சிறியது, டியூப் போகாது. நல்ல பெரிய கிடாவாகக் கேட்க வேண்டும். மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் மாதிரி கறிக்கடை மூடும் நாட்களில் ஒத்திகை வைத்துவிடாதீர்கள்.

தலையை ட்ரேயில் வைத்து, மேலே கோழித் தோலைப் போர்த்தி, தோலுக்கு அடியில் சிவப்புச் சாயத் தண்ணீர் நிரப்பிய கையுறை விரல் ஒன்றை முடிச்சுப் போட்டு வைப்போம். கத்தி பட்டதும் அது உடைந்து எல்லாம் சிவப்பாகிவிடும். அந்த நொடியில் புதிதாக வருகிற எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கையை வெளியே எடுத்துவிட்டு காஸ் துணியால் துடைக்கப் பார்ப்பார்கள். துடைத்தால் எதுவும் தெரியாது, இன்னும் வழியும். கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும் என்பதை வாயால் நூறு தடவை சொல்லிப் புரியவைக்க முடியாது. சிவப்புத் தண்ணீர் ஒரே தடவையில் புரியவைத்துவிடும்.

வரிசை இப்படி. இடது கையின் கட்டைவிரலும் நடுவிரலும் குரல்வளையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். முடியும்வரை அந்தக் கை விடாது. ஆள்காட்டி விரல் பள்ளத்தைத் தேடும். கழுத்து மெலிந்து, பள்ளம் தெளிவாகக் கைக்குப் பட்டால் குறுக்காக ஒரே குத்து. கழுத்து தடித்தோ வீங்கியோ பள்ளம் தட்டுப்படாவிட்டால் முதலில் நடுக்கோட்டில் மேலும் கீழுமாக 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்குத் தோலைத் திறந்து, விரல்களால் விலக்கி, குரல்வளையைத் தொட்டு உணர்ந்த பிறகு குத்து. குத்திய கத்தியை வெளியே எடுக்காமல், வெட்டும் விளிம்பு கால் பக்கம் பார்க்குமாறு திருப்பி, அதன் ஓரமாகவே பூஜியை வழுக்கி உள்ளே விட வேண்டும். 10, 15 செ.மீ. போனால் போதும். அதன் மேல் ஜெல்லி தடவிய டியூபை மெதுவாகத் திருகியபடி இறக்க வேண்டும். பலூன் கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்துங்கள். பதற்றத்தில் மேலும் தள்ளினால் டியூப் ஒரு பக்க நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பலூனை ஊதி, கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பையை மாட்டி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு கோடு திரையில் எழும்புகிறதா என்று பார்த்த பிறகே குரல்வளையைப் பிடித்த கையை எடுக்கலாம்.

எத்தனை தடவை செய்தால் கை பழகும்? கனடாவில் 102 மயக்க மருந்து மருத்துவர்களைப் பொம்மையில் பத்துப் பத்து தடவை செய்யச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. அவர்கள் பயன்படுத்தியது தயார்நிலை செட், எங்கள் முறை அல்ல. இருந்தாலும் ஐந்தாவது தடவைக்குள் பெரும்பாலோர் 40 நொடிக்குள் முடித்துவிட்டார்கள் என்பது மனதில் வைக்க வேண்டிய கணக்கு. அதாவது கற்றுக்கொள்வது சீக்கிரம். மறப்பதும் சீக்கிரம், சில மாதத்தில் மங்க ஆரம்பித்துவிடும். இதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை ஹோட்டல் ஹாலில் நடக்கும் ஒருநாள் முகாமின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சான்றிதழ் சுவரில் தொங்கும். கை மறந்திருக்கும். அதே நேரத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி வருடம் முழுக்கப் பரப்பினால் பலன் வேறு. எங்களுக்குப் பொருந்தியது காலை ஷிஃப்ட் கைமாறும் நேரம். இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் இருப்பார்கள், நோயாளிகள் கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. இரவு மட்டுமே வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக இரவில்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆட்டுத் தலையைத் தொடத் தயங்கினால் வற்புறுத்துவதில்லை. வென்டிலேட்டரின் நெளி குழாயை வெட்டி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, ஸ்பாஞ்ச் சுற்றினால் வரிசையைப் பழகலாம். 'டப்' கிடைக்காது, மற்றதெல்லாம் கிடைக்கும். இறைச்சியில் பயன்படுத்திய கத்தி, டியூப் எதுவும் நோயாளிகளுக்கான சாமான்களோடு கலக்கக்கூடாது என்பதற்காக அவற்றுக்குச் சிவப்பு டேப் சுற்றித் தனி டப்பா.

இந்தப் பழக்கம் உதவிய ஒரு இரவைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நடுவயதுக்காரர். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் மாத்திரை எடுக்கிறவர். சாயங்காலத்திலிருந்து நாக்கு வீங்கி, வரும்போது பற்களுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. இந்த மாத்திரையால் வரும் வீக்கம் அட்ரினலினுக்கும் ஸ்டீராய்டுக்கும் அடங்குவதில்லை. கொடுத்தோம், அடங்கவில்லை. போதாக்குறைக்கு வருடக்கணக்காகப் பாக்கு போட்ட வாய். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுதான் திறந்தது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வாயை அடிக்கடி பார்க்கிறோம்.

டியூப் போட ஆரம்பிக்கும் முன்பே கழுத்தை நிமிர்த்தி, பள்ளத்தைத் தேடி, மார்க்கரால் கோடு போட்டு, பையைப் பிரித்து நெஞ்சின் பக்கத்தில் வைத்தோம். இதுவும் ஒத்திகையில் வந்த பழக்கம். கடினம் என்று முன்பே தெரிந்தால் கோட்டை முன்பே போடு. மூக்கு வழியாக முயன்றோம், ரத்தம் வந்ததே தவிர டியூப் போகவில்லை. வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் தகடு பற்களைத் தாண்டவில்லை. மாஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தும் நெஞ்சு எழும்பவில்லை. எண் சொல்கிறவர் எழுபத்தி இரண்டு என்றார். தலைமாட்டில் நின்ற சிஸ்டர், கொஞ்சமும் இழுக்காமல், "டாக்டர், டியூப் போகல, ஆக்ஸிஜன் ஏறல, கழுத்துல போகலாம்" என்று சொல்லிக் கத்தியின் கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

அதன் பிறகு நடந்தது ஆட்டுத் தலையில் நடப்பதேதான். ரத்தம் வந்தது, எதுவும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. பூஜி உள்ளே போகும்போது அதன் முனை மூச்சுக்குழலின் வளையங்களில் இடறி இடறிப் போவதை விரல் நுனியில் உணர்ந்தேன். திரையில் கோடு எழும்பியது. ஈ.என்.டி. டாக்டர்கள் அடுத்த நாள் முறையான ட்ரக்கியாஸ்டமியாக (மூச்சுக்குழலில் ஆபரேஷனாகப் போடும் துளை) மாற்றினார்கள். வீக்கம் வடிந்து அவர் வீட்டுக்குப் போனார். அவருடைய மருந்துச் சீட்டில் அந்த மாத்திரையைச் சிவப்பு மையால் அடித்து, இனி எந்த டாக்டரிடம் போனாலும் காட்டச் சொன்னோம். அன்று அந்த உயிரைக் காப்பாற்றியதில் என் கையைவிட அந்த சிஸ்டரின் வாய்க்குப் பங்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னொரு தடவை வாய்க்குள் பார்த்திருப்பேன்.

கர்ப்பிணிக்கு இதயம் நின்றுபோவது இன்னும் கனமான விஷயம். குழந்தையை எடுப்பது முதலில் தாய்க்காக. கர்ப்பப்பை தொப்புளுக்கு மேல் வந்துவிட்டால், ஏறக்குறைய 20 வாரம், மல்லாந்து படுத்திருக்கும்போது அது பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. எவ்வளவு நெஞ்சை அழுத்தினாலும் இதயத்துக்கு ரத்தம் திரும்புவதில்லை. கையால் கர்ப்பப்பையை இடது பக்கம் தள்ளிப் பிடித்தபடி சி.பி.ஆர். செய்ய வேண்டும். அப்படியும் உயிர் திரும்பாவிட்டால் நான்காவது நிமிடத்தில் கத்தி வைத்து ஐந்தாவது நிமிடத்தில் குழந்தை வெளியே. 1986இல் காட்ஸ் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கணக்கு இது, இன்றும் அடிப்படை அதுதான். குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடி நேரம் போக்கக்கூடாது. துடிப்பு இல்லாவிட்டாலும் தாய்க்காக எடுக்கத்தான் வேண்டும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகலாமே?" வாதாடிப் பயனில்லை என்று ஒரு பொம்மையை ட்ராலியில் படுக்கவைத்து, சி.பி.ஆர். செய்துகொண்டே தியேட்டருக்குக் கிளம்பச் சொன்னோம். லிஃப்ட் வருவதற்குள் அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி போய்விட்டது. லிஃப்ட்டுக்குள் ட்ராலியும் ஆட்களும் நுழைந்தபோது நெஞ்சை அழுத்துகிறவருக்கு முழங்கையை நீட்ட இடமில்லை. அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. பிரசவ வார்டு சிஸ்டர்களையும் குழந்தை டாக்டரையும் சேர்த்துக்கொண்டு இந்த ஒத்திகையைச் செய்யுங்கள். அவர்கள் இல்லாமல் செய்தால் பாதிதான். குழந்தை வெளியே வந்த பிறகு அதை வாங்கிக்கொள்ளத் துணியோடு யார் நிற்கிறார், வார்மர் போட்டிருக்கிறதா, பச்சிளங்குழந்தைக்கான ஆம்பு எங்கே என்பதில்தான் எல்லா ஒத்திகையும் தடுமாறும். மெக்னீசியம் சொட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திக் கால்சியம் கொடுப்பது ஒருவரின் வேலை. நிமிடத்தைச் சத்தமாகச் சொல்வது ஒருவரின் வேலை. "மூணு நிமிஷம் ஆச்சு" என்ற குரல் கேட்டால் கத்தி கையில் இருக்க வேண்டும்.

கண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகத்தில் அடிபட்டு, கண் கல்லாட்டம் இறுகிப் பிதுங்கி, பார்வை மங்கிக்கொண்டே போனால் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கக்கூடாது. விழித்திரை ரத்த ஓட்டமில்லாமல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அடிபட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கு வந்து, எங்களிடம் சேரும்போதே அதில் பாதிக்கு மேல் போயிருக்கும். அதனால் சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் இதைக் கற்றுக்கொள்வது நாங்கள் கற்றுக்கொள்வதைவிட முக்கியம்.

எதற்குப் பயிற்சி எடுக்கக்கூடாது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். கேஷுவாலிட்டியிலேயே நெஞ்சைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைவது காணொளிகளில் பிரமாதமாக இருக்கும். இளம் டாக்டர்களுக்கு அதன் மேல்தான் ஆசை. அது பெரும்பாலும் பலிப்பது கத்திக்குத்துக் காயத்தில். எங்கள் சாலையில் வருவதோ மோதி நசுங்கிய காயங்கள், அவற்றில் பலன் மிகக் குறைவு. திறந்த பிறகு அடுத்த சில நிமிடத்தில் தைத்து மூட இதய அறுவை நிபுணர் பக்கத்தில் இல்லாத இடத்தில் திறந்து என்ன செய்வது? அடுத்த படி இல்லாத சிகிச்சைக்கு ஒத்திகை பார்க்கும் நேரத்தை, விலாவில் விரலால் துளையிட்டு அடைபட்ட காற்றை வெளியேற்றுவதற்கும், ரத்தக்குழாய் கிடைக்காத குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி போடுவதற்கும் கொடுக்கலாம். இவை இரண்டும் நிச்சயம் தேவைப்படும்.

உறவினர்களைப் பற்றிய பயம் நிஜமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. கழுத்தில் கத்தி வைப்பதைப் பார்த்த மனைவி என்ன நினைப்பார்? கதவருகே நின்ற ஒரு அண்ணன் "இன்னா சார் பண்றாங்க உள்ள?" என்று செக்யூரிட்டியின் சட்டையைப் பிடித்திருக்கிறார். எனவே ஒத்திகையில் உறவினராக ஒருவர் நடிப்பார், அவரோடு பேச ஒருவர் ஒதுக்கப்படுவார். பேச வேண்டியது இரண்டு வரி: "வாய் வழியா மூச்சு கொடுக்க முடியல. உயிரைக் காப்பாத்த கழுத்து வழியா கொடுக்கறாங்க, முடிஞ்சதும் டாக்டரே வந்து சொல்லுவாங்க." வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வருவதால் இந்த இரண்டு வரியை இந்தியிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று டாக்டர்கள் கேட்பார்கள். சம்மதம் பெற நேரமில்லாத நிலையில், நல்லெண்ணத்தோடு ஒருவரின் நன்மைக்காகச் செய்யும் செயல் குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30ஆம் பிரிவு. சாச்சுரேஷன் எண்களையும் நேரத்தையும் முயற்சிகளையும் அப்போதே கேஸ் ஷீட்டில் ஒருவர் எழுதிவிட வேண்டும். பிறகு ஞாபகத்திலிருந்து எழுதியது நிற்காது.

இப்படி ஒன்று நடந்து முடிந்தால் அன்றைக்கே, ஷிஃப்ட் கலைவதற்குள், எல்லோரும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். ட்ராலி தள்ளிய அண்ணனும் தரையைத் துடைத்த அக்காவும் உட்பட. பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி. யார் எதைத் தேடினார்கள், எது கைக்கு வரவில்லை என்பதை அவர்களே சரியாகச் சொல்வார்கள். எங்கள் பூஜிக்குப் பிவிசி குழாய் என்ற யோசனை வந்தது வார்டு அண்ணனிடமிருந்துதான்.

சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், பையிலிருந்து. ஒரு மாதத்தில் செய்து முடிக்கக்கூடியது அது. பையை வண்டியில் மாட்டி, சீல் மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டு போடுங்கள். கட்டு அறுந்திருந்தால் யாரோ எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டும் பார்த்தவுடன் தெரியும். புதிதாகச் சேருகிற டாக்டரோ சிஸ்டரோ முதல் வாரத்திலேயே ஒருமுறை அந்தக் கட்டை அறுத்து, எல்லாவற்றையும் கையால் எடுத்துப் பார்த்து, அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லி, திரும்ப அடுக்கட்டும். 108 வண்டியில் வரும் டெக்னீஷியன்கள் நோயாளியை இறக்கிவிட்டு நிற்கும்போது அவர்களையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வழியிலிருந்து போன் செய்யும்போது "வாய் திறக்கல, பையை ரெடி பண்ணிடுங்க" என்று அவர்களே சொல்வார்கள்.